மார்த்தினியானோ சொன்னதும் பேராசிரியர்கள் எழுதியதும்

ஹைட்டிப் புரட்சி பற்றிய போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் எழுதியிருந்தீங்க. அதில் ஒரு கேள்வி: "வூடூன்னா பொம்மையில ஊசி குத்துற சூனியம்தானே? அதை ஏன் மதம்னு சொல்றீங்க?"

கேட்டவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. கல்லூரி முடிக்கும் வரை என்னுடைய வூடூ அறிவும் அவ்வளவுதான். ராத்திரி டிவியில் தமிழ் டப்பிங்கில் ஓடின பேய்ப் படங்கள்.

அந்த ஊசிப் பொம்மைக்கும் ஹைட்டி மக்கள் கும்பிடுகிற தெய்வங்களுக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. 1915லிருந்து 1934 வரை ஹைட்டி அமெரிக்க ராணுவத்தின் பிடியில் இருந்தது. அப்போது அங்கே போய்வந்த வில்லியம் சீப்ரூக் என்ற அமெரிக்கர் 1929ல் ஒரு பயண நூல் எழுதினார். 'ஸோம்பி' என்ற சொல்லை அமெரிக்கப் பொதுமக்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 1932ல் 'ஒயிட் ஸோம்பி' படம் வந்தது. மீதிக் கதை உங்களுக்கே தெரியும். ஆனா சீப்ரூக்கின் புத்தகம் வருவதற்கு முந்தைய வருஷமே, 1928ல், ழான் பிரைஸ்-மார்ஸ் என்ற ஹைட்டிய மருத்துவர் ஒரு புத்தகம் எழுதிவிட்டார். வூடூ ஒரு மதம்தான், அதற்கு தெய்வங்கள் உண்டு, பூசாரிகள் உண்டு, ஒழுக்க நெறி உண்டு என்று நிதானமாக விளக்கியிருந்தார். அது பிரெஞ்சில் இருந்தது. ஆங்கிலத்துக்கு வர 1983 வரை ஆனது.

இதைப் படித்த பிறகு எனக்கு வேறொரு கேள்வி தொற்றிக்கொண்டது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் மதங்களைப் பற்றி இன்றைக்கு நாம் படிப்பதையெல்லாம் யார் எழுதினார்கள்? யாரிடம் கேட்டு எழுதினார்கள்? சொன்னவர்களுக்கு அதில் என்ன இடம்? இதைப் பார்க்க ஹைட்டியை விட பிரேசில் வசதியான இடம். கேட்டவர்கள் பெயரும் தெரியும், சொன்னவர்கள் சிலரின் பெயரும் தெரியும். அதனால இந்த எபிசோடுல நாம பாஹியா மாநிலத்தின் தலைநகர் சல்வடோருக்குப் போறோம்.

முதலில் ஒரு கணக்கு. அட்லாண்டிக் அடிமை வியாபாரத்தில் கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர். உயிரோடு கரை இறங்கியவர்கள் சுமார் 1 கோடியே 7 லட்சம். அதில் ஏறக்குறைய 48 லட்சம் பேர் இறங்கியது பிரேசிலில். அமெரிக்கா என்றதும் நம் மனசில் வரும் பருத்திக் காடுகளுக்கு நேராகப் போனவர்கள் 4 லட்சத்துக்கும் குறைவு. ஆக, ஆப்பிரிக்க தெய்வங்கள் கடல் தாண்டி எங்கே அதிகம் குடியேறியிருக்கும் என்பதில் ஆச்சரியமில்லை.

பாஹியாவில் உருவான மதத்தின் பெயர் கந்தோம்ப்ளே. தெய்வங்களை ஒரிஷா என்பார்கள். இடி மின்னலுக்கு ஷாங்கோ, கடலுக்கு யெமாஞ்சா, இரும்புக்கு ஓகுன். முரசு அடிப்பார்கள், ஆடுவார்கள், சாமி வரும். சாமி வருவது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஐரோப்பிய வாசகர்களுக்கு அந்தக் கால ஆய்வாளர்கள் பக்கம் பக்கமாக விளக்க வேண்டியிருந்தது. வழிபாடு நடக்கும் இடம் ஒரு பெரிய வீடும் முற்றமும் சேர்ந்த கோயில். நடத்துவது பெரும்பாலும் ஒரு பெண். அவரை 'மாய்' என்று கூப்பிடுவார்கள், அதாவது அம்மா.

பிரேசிலில் அடிமை முறை 1888ல் ஒழிந்தது. அடுத்த வருஷம் மன்னராட்சி போய்க் குடியரசு வந்தது. அதற்கு அடுத்த வருஷம், 1890ல், புதிய குற்றவியல் சட்டம். அதில் மந்திரம், மாயம் செய்வதும், பட்டமில்லாமல் வைத்தியம் பார்ப்பதும் குற்றம். விடுதலை கிடைத்து இரண்டே வருஷத்தில் அவர்களுடைய கோயில் போலீஸ் விவகாரமாகிவிட்டது. சோதனைக்கு வரும் போலீஸ் முரசுகளையும் தெய்வத்தின் ஆயுதங்களையும் பீடத்தில் இருந்த கற்களையும் அள்ளிக்கொண்டு போகும்.

இந்தச் சூழலில்தான் முதல் ஆய்வாளர் வருகிறார். ரைமுண்டோ நினா ரோட்ரிகெஸ். பாஹியா மருத்துவக் கல்லூரியில் சட்ட மருத்துவப் பேராசிரியர். பிரேதப் பரிசோதனை, மனநோய், குற்றம், இதெல்லாம்தான் அவருடைய பாடம். பிறவியிலேயே குற்றவாளிகள் உண்டு, மண்டை ஓட்டை அளந்தாலே தெரிந்துவிடும் என்று சொன்ன இத்தாலியர் லொம்ப்ரோசோவின் சீடர் மாதிரி. கனூதோஸ் கிளர்ச்சியின் தலைவர் அந்தோனியோ கொன்செல்யெய்ரோ 1897ல் இறந்தபோது அவருடைய தலையை வெட்டி அனுப்பியது யாருக்கு என்று நினைக்கிறீங்க? இவருக்குத்தான், அளந்து பார்க்க. 1894ல் எழுதிய நூலில், எல்லா இனத்தாருக்கும் ஒரே குற்றப் பொறுப்பு என்று சட்டம் வைக்கக்கூடாது என்று வாதாடியவர் இவர்.

இப்படிப்பட்டவர்தான் 1896, 97ல் பாஹியாக் கறுப்பின மக்களின் வழிபாடு பற்றித் தொடர் கட்டுரைகள் எழுதினார். சாமி வருவது அவருக்கு ஒருவகை ஹிஸ்டீரியா. ஆனா மனுஷன் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுதவில்லை. கோயில்களுக்குப் போனார், சடங்குகளை மணிக்கணக்கில் பார்த்தார், குறித்துக்கொண்டார். கான்ட்வா என்ற புகழ்பெற்ற கோயிலில் 'ஓகான்' ஆனார். ஓகான் என்றால் கோயிலுக்கு வெளியுலகில் துணையாக நிற்கும் புரவலர். கோயில்களில் போலீஸ் புகுவதைக் கண்டித்தும் எழுதினார். அரசியல் சட்டத்தில் மத சுதந்திரம் இருக்கும்போது எந்த உரிமையில் உள்ளே நுழைகிறீர்கள் என்று கேட்டார்.

இவரை எந்தப் பெட்டியில் போடுவது? ரொம்ப நாள் எனக்குக் குழப்பமாக இருந்தது. இப்போது எனக்குத் தோன்றுவது, அவருக்கு அதில் முரண்பாடே தெரிந்திருக்காது என்பதுதான். 'நோயாளியைத் துன்புறுத்தாதே' என்று டாக்டர் சொல்வது போலத்தான் அவர் கோயிலுக்காகப் பேசியிருப்பார். இன்றைக்கும் சல்வடோரில் பிரேதப் பரிசோதனை நடக்கும் அரசு நிலையத்துக்கு இவர் பெயர்தான்.

இது பாஹியாவில் மட்டும் நடந்ததும் இல்லை. கியூபாவில் ஃபெர்னாண்டோ ஓர்த்திஸ் என்ற இளம் வழக்கறிஞர் 1906ல் வெளியிட்ட முதல் பெரிய நூல் 'கறுப்பு மந்திரவாதிகள்' பற்றியது. குற்றவியல் ஆய்வு என்றே அதை எழுதினார். முன்னுரைக்குப் பதிலாக லொம்ப்ரோசோவின் கடிதம். அதே ஓர்த்திஸ் 1937ல் ஹவானாவில் மேடை போட்டு, சடங்குக்கு மட்டுமே வாசிக்கும் பாத்தா முரசுகளைக் கலைஞர்களைக் கொண்டு வாசிக்க வைத்து, இது கியூபாவின் பெருமை என்று பேசினார். ஒரே ஆயுளில் இவ்வளவு தூரம் வந்தவர்கள் ரொம்பக் குறைவு.

சரி, நினா ரோட்ரிகெஸுக்கு யொரூபா மொழி தெரியாது. மந்திரத்துக்கு அர்த்தம் யார் சொன்னது? இங்கேதான் என்னுடைய நாயகன் வருகிறார். மார்த்தினியானோ எலிசேயு தோ பொன்ஃபிம். 1859ல் சல்வடோரில் பிறந்தவர். பெற்றோர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாக வந்து விடுதலை பெற்றவர்கள். 1875ல் அப்பா பையனைக் கப்பலேற்றி லாகோஸுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அடிமைகளின் மகன், எதிர்த்திசையில் அட்லாண்டிக்கைக் கடக்கிறான்! அங்கே பதினோரு வருஷம். ஆங்கிலமும் யொரூபாவும் எழுதப் படிக்கக் கற்றார், குறி சொல்லும் இஃபா முறையையும் கற்றார். 1886ல் திரும்பி வந்தார். வசதியான கறுப்பினக் குடும்பங்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார்.

லாகோஸ் அப்போது பிரிட்டிஷ் காலனி. மிஷனரிப் பள்ளிகளில் படித்த ஆப்பிரிக்கர்கள், நாமெல்லாம் யொரூபா என்ற ஒரே இனம், நமக்குப் பெரிய வரலாறு உண்டு என்று பேசத் தொடங்கியிருந்த நேரம். யொரூபா மொழிக்கு அகராதி, இலக்கணம், பைபிள் எல்லாம் வந்துகொண்டிருந்தன. அதையெல்லாம் உள்வாங்கிக்கொண்டுதான் மார்த்தினியானோ பாஹியா திரும்பினார். அவர் நினாவிடம் சொன்னது வெறும் மொழிபெயர்ப்பாக மட்டும் இருந்திருக்குமா? பாஹியாவின் ஆப்பிரிக்கர்களில் யொரூபா வழி வந்த நாகோ மக்களே உயர்ந்தவர்கள், அவர்கள் மரபே தூய்மையானது என்ற எண்ணம் நினாவின் எழுத்தில் தூக்கலாக இருக்கிறது. பின்னால் வந்த பல ஆய்வாளர்களும் அதைப் பிடித்துக்கொண்டு நாகோ கோயில்களையே தேடிப் போனார்கள். காங்கோ, அங்கோலா மரபுக் கோயில்கள் 'கலப்படம்' என்று ஓரம் கட்டப்பட்டன.

நினா 1906ல் இறந்துவிட்டார். மார்த்தினியானோ இருந்தார், 1943 வரை. பாஹியாவுக்கு யார் ஆய்வு செய்ய வந்தாலும் அவர் வீட்டுக் கதவைத் தட்டாமல் போக முடியாது என்ற நிலை.

1937 ஜனவரியில் ஒரு விஷயம் நடந்தது. எடிசன் கார்னெய்ரோ என்ற இளம் பத்திரிகையாளர், அவரும் கறுப்பினக் குடும்பத்தவர், சல்வடோரில் இரண்டாவது ஆப்ரோ-பிரேசிலிய மாநாட்டை நடத்தினார். கௌரவத் தலைவர் மார்த்தினியானோ. மாநாட்டுக்கு வந்தவர்கள் கோயில்களுக்குப் போனார்கள். அதைவிட முக்கியம், கோயில்காரர்கள் மாநாட்டில் எழுதினார்கள். ஓப்போ அஃபோன்ஜா என்ற கோயிலை 1910ல் நிறுவிய மாய் அனின்யா, ஆப்பிரிக்க உணவுகள் பற்றி ஒரு குறிப்பு கொடுத்தார். மார்த்தினியானோ ஷாங்கோவின் அமைச்சர்கள் பற்றி ஒரு கட்டுரை கொடுத்தார். 1940ல் வந்த மாநாட்டுத் தொகுப்பில் அவர்கள் எழுத்தும், அமெரிக்க மானிடவியலாளர் மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸின் கட்டுரையும் ஒரே அட்டைக்குள் இருக்கின்றன. நாற்பது வருஷமாகத் 'தகவல் சொன்னவர்' முதல் தடவையாக எழுத்தாளர்.

அந்த அமைச்சர்கள் விஷயம் சுவாரசியமானது. ஓப்போ அஃபோன்ஜா கோயிலில் ஷாங்கோவுக்குப் பன்னிரண்டு 'ஓபா'க்கள் உண்டு. அந்தப் பதவிகளை ஏற்படுத்தியது அனின்யாவும் மார்த்தினியானோவும்தான், 1930களில். பழைய ஓயோ நாட்டு மரபை மீட்கிறோம் என்றார்கள். பட்டப்பெயர்கள் யொரூபா வரலாற்றில் இருப்பவைதான். ஆனா பன்னிரண்டு பேர் கொண்ட இப்படியொரு சபை ஆப்பிரிக்காவில் இதே வடிவத்தில் இருந்ததாகப் பின்னால் தேடியவர்களுக்குக் கிடைக்கவில்லை. அப்போ இது பழசா, புதுசா? நாவலாசிரியர் ஜார்ஜ் அமாடோ அந்தச் சபையில் ஓபாவாக இருந்தவர். 1946 அரசியல் சட்டத்தில் வழிபாட்டுச் சுதந்திரத்துக்கான திருத்தத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான். புதுசாகவே இருந்தாலும், வேலை செய்யாத மரபு என்று சொல்ல முடியாது.

மாநாடு முடிந்த அதே 1937 நவம்பரில் வர்காஸ் சர்வாதிகாரம் வந்தது. இடதுசாரியான கார்னெய்ரோவைப் போலீஸ் தேடியது. அவர் ஒளிந்துகொண்டது அனின்யாவின் கோயிலில். கோயிலுக்குப் புரவலராக நின்று போலீஸைத் தடுத்த டாக்டரிலிருந்து, போலீஸுக்குப் பயந்து கோயிலில் தஞ்சம் புகுந்த ஆய்வாளர் வரை நாற்பது வருஷம்.

1938ல் ரூத் லாண்டெஸ் என்ற அமெரிக்கப் பெண் வந்தார். கார்னெய்ரோவோடு கோயில் கோயிலாகப் போனார். மார்த்தினியானோவைச் சந்தித்தார். போலீஸ் பின்தொடர்ந்தது, 1939ல் பாஹியாவை விட்டுப் போக வேண்டியதாயிற்று. 1947ல் வந்த அவருடைய 'பெண்களின் நகரம்' படிக்க அருமையான புத்தகம், தலைப்பு கொஞ்சம் மிகை. ஆண் பூசாரிகளும் அன்றைக்கு நிறைய பேர் இருந்தார்கள். துறையின் பெரிய ஆண்கள், பிரேசிலில் ஆர்துர் ராமோஸும் அமெரிக்காவில் ஹெர்ஸ்கோவிட்ஸும், அவரை ஆய்வாளராகவே மதிக்கவில்லை. நிரந்தரப் பேராசிரியர் வேலை கிடைக்க 1965 ஆனது.

இப்போது இந்தத் துறையின் மிகப் பிரபலமான சண்டை. நான் இதில் கட்சி மாறினவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஃப்ராங்க்ளின் ஃப்ரேசியர் கறுப்பின அமெரிக்கச் சமூகவியலாளர். 1940ல் சல்வடோர் வந்தார். கூடவே மொழியியலாளர் லொரென்சோ டர்னர், ஒலிப்பதிவுக் கருவியோடு. மார்த்தினியானோவின் குரல் இன்றைக்கும் கேட்கக் கிடைப்பது டர்னரால்தான். ஃப்ரேசியர் கான்ட்வா கோயிலைச் சேர்ந்த குடும்பங்களைப் பேட்டி எடுத்தார். 1942ல் எழுதினார்: இவர்களுடைய குடும்ப அமைப்பில் ஆப்பிரிக்கா என்று எதுவும் மிச்சமில்லை, அடிமை முறையும் வறுமையும் நகர வாழ்க்கையும் உண்டாக்கிய அமைப்பு இது. ஹெர்ஸ்கோவிட்ஸ் அவருக்குப் பின்னால் பாஹியா வந்தார். அதே கான்ட்வா, பல இடங்களில் அதே ஆட்கள். 1943ல் அதே சஞ்சிகையில் பதில் எழுதினார்: ஒருவருக்கு இரண்டு மூன்று குடும்பங்கள் இருப்பது மேற்கு ஆப்பிரிக்கப் பலதார மணத்தின் மறுவடிவம், ஆப்பிரிக்கா தெரியாதவர் கண்ணுக்கு அது படாது.

ஒரே கோயில், ஒரே மக்கள், நேரெதிர் முடிவு.

முதலில் படித்தபோது நான் ஹெர்ஸ்கோவிட்ஸ் பக்கம். 1941ல் அவர் எழுதிய நூலின் வாதமே, கறுப்பின மக்களுக்குக் கடந்த காலமே இல்லை என்பது வெள்ளையர் கட்டிய கதை என்பதுதான். கேட்கவே தெம்பாக இருக்கிறது இல்லையா? பிறகுதான் ஃப்ரேசியர் ஏன் பயந்தார் என்று புரிந்தது. கறுப்பினத்தவர் இன்னும் ஆப்பிரிக்கர்களாகவே இருக்கிறார்கள் என்று 1940களின் அமெரிக்காவில் சொன்னால், தனிப் பள்ளி, தனி பஸ் சீட்டு என்று வைத்திருந்தவர்கள் கைதட்டுவார்கள். 'அவர்கள் வேறு மாதிரி ஆட்கள், நாங்கள்தான் சொன்னோமே' என்பார்கள். ஹெர்ஸ்கோவிட்ஸ் இந்த விவாதத்தை முடித்துவிட்டு எந்த பஸ்ஸிலும் முன்சீட்டில் உட்கார முடியும். ஃப்ரேசியரால் தென்மாநிலங்களில் முடியாது. அதற்காக ஃப்ரேசியர் சொன்னது சரி என்று ஆகிவிடாது. கோயிலுக்குள் ஒலித்த யொரூபாப் பாடல்களை வறுமையைக் கொண்டு விளக்க முடியாது. ஆனா இருவரில் யார் விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

1976ல் சிட்னி மின்ட்ஸும் ரிச்சர்ட் ப்ரைஸும் ஒரு சிறு நூலில் இந்தச் சண்டையை வேறு பக்கம் திருப்பினார்கள். எது மிஞ்சியது என்று பட்டியல் போடாதீர்கள், கப்பலிலும் தோட்டங்களிலும் அந்நியர்களாகச் சந்தித்தவர்கள் எதை உருவாக்கினார்கள் என்று பாருங்கள் என்றார்கள். 1988ல் பிரேசிலின் பியாட்ரிஸ் கோய்ஸ் தாந்தாஸ் இன்னும் காரமாகக் கேட்டார்: 'தூய நாகோ' என்பதை உருவாக்கியதில் ஆய்வாளர்களுக்கே பங்கு இல்லையா? சில கோயில்களைப் புகழ்ந்து எழுதி, மற்றவற்றைச் சூனியம் என்று போலீஸ் கையில் விட்டது யார்?

நான் முழுமனதோடு ஏற்றுக்கொள்வது லோரண்ட் மேட்டரி 2005ல் வைத்த திருத்தம். ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள் என்றால் பூசாரிகள் என்ன களிமண்ணா? தூய்மை என்ற கருத்தை லாகோஸுக்கும் பாஹியாவுக்கும் இடையே போய்வந்த மார்த்தினியானோ போன்றவர்களே கொண்டுவந்தார்கள், பேராசிரியர்களுக்கே கற்றுக்கொடுத்தார்கள் என்கிறார் அவர். நினா கேட்டார், மார்த்தினியானோ சொன்னார் என்று படித்து வந்ததை, மார்த்தினியானோ சொல்ல விரும்பியதை நினா எழுதினார் என்று படித்தாலும் பொருந்துகிறது.

கியூபாவில் இதை வெளிப்படையாக ஒத்துக்கொண்டவர் லிடியா கப்ரேரா. 1954ல் வந்த 'எல் மோன்தே' நூலின் உண்மையான ஆசிரியர்கள் தன்னிடம் பேசிய கறுப்பின முதியவர்களே என்று அவரே எழுதினார். இன்றைக்குப் பூசாரிகள் அந்த நூலைக் கையேடாக வைத்து மூலிகை பார்க்கிறார்கள்.

பாஹியாவில் கோயில் நடத்த போலீஸில் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி எப்போது போனது தெரியுமா? 1976ல். நம் அப்பா அம்மா காலம். அதே வருஷம் ஓப்போ அஃபோன்ஜாவின் தலைமைக்கு வந்தவர் மாய் ஸ்டெல்லா. நர்ஸாக வேலை பார்த்தவர். 1983ல் மற்ற மூத்த அம்மாக்களோடு சேர்ந்து ஓர் அறிக்கை விட்டார்: எங்கள் ஒரிஷாக்களைக் கத்தோலிக்கப் புனிதர்களோடு குழப்பாதீர்கள், எங்கள் மதம் தனி மதம். ஆய்வாளர்கள் இதைப் பற்றி ஆளுக்கொரு கருத்து எழுதினார்கள். அவர் தன் புத்தகங்களைத் தானே எழுதினார். 2013ல் பாஹியா இலக்கிய அகாதமியில் உறுப்பினரானார், 2018ல் காலமானார்.

கடைசியாக ரியோ டி ஜெனீரோ. அங்கேயும் போலீஸ் கோயில்களிலிருந்து அள்ளிய பொருட்கள் காவல்துறை மியூசியத்தில் கிடந்தன. 1938ல் தேசிய மரபுச் சின்னமாக அரசு அவற்றைப் பதிவு செய்தபோது வைத்த பெயர் 'சூனிய மியூசியம்'. கோயில்காரர்கள் பல வருஷம் திருப்பிக் கேட்டார்கள். 2017ல் மாய் மெனினாசின்யா தி ஓஷுன் முன்னின்று 'எங்கள் புனிதத்தை விடுதலை செய்' என்ற இயக்கம் தொடங்கியது. 2020 செப்டம்பரில் 519 பொருட்கள் போலீஸிடமிருந்து குடியரசு மியூசியத்துக்குப் போயின. அங்கே இப்போது கோயில்காரர்களும் மியூசியம் ஊழியர்களும் சேர்ந்து உட்கார்ந்து எது எந்த தெய்வத்தின் பொருள், எதை எப்படி வைக்கணும், எதைத் திறந்து காட்டக்கூடாது என்று பார்க்கிறார்கள். 2023ல் அரசுப் பதிவேட்டிலும் பெயர் மாறியது. இப்போ அந்தத் தொகுப்பின் பெயர் 'நமது புனிதம்'.

ஓர்த்திஸை இன்றைக்கு அவசரமாகக் கடந்துவிட்டேன், தெரியும். குற்றவியல் வழக்கறிஞராக இருந்தவர் எப்படி முரசு பக்கம் வந்தார் என்பது தனிக் கதை. அடுத்த எபிசோடுல ஹவானா போறோம். கேள்விகளை வழக்கம் போல எழுதி அனுப்புங்க.